பாலைவனத்துக்குப் போயும் ரப்பர் டைமா?

நம்ம ஆளுங்க நேரத்த ரப்பர் மாதிரி இழுக்கறதப் பத்தி எழுதக்கூடாதுன்னு ரெண்டு வாரமா பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்தேன், ஆனா நேத்து ராத்திரி நடந்த கூத்துக்கு அப்புறம் முடியலங்க, வயிறு எரியுது.

நாங்க பத்து பேரு, எல்லாம் மலேசியா, கோலாலம்பூர் (கேஎல்), பெட்டாலிங் ஜெயா (பிஜே) ஆளுங்க. ஞாயித்துக்கெழம பக்கத்துல புக்கிட் காசிங் குன்று, எப்பவாச்சும் புரோகா மலைன்னு ஏறி எறங்கி முடிச்சிட்டு ரொட்டி சானாய் அடிக்கிற கூட்டம். போன டிசம்பர்ல ஆஸ்திரேலியா, நட்ட நடுப் பாலைவனத்துல இருக்கே உலுரு-கட்டா ஜூட்டா தேசியப் பூங்கா, அங்க கைடு வச்சு நடக்கலாம்னு போனோம். நான் ஒரு வருசம் கூட்டு, அதான் சீட்டு, கட்டி எடுத்த காசு அது. இங்கேருந்து சிட்னி, அங்கேருந்து இன்னொரு பிளேன், எறங்கினா செம்மண்ணும் ஈயும்தான். ஈன்னா நம்ம மார்க்கெட் ஈ இல்ல, கண்ணுக்குள்ள மூக்குக்குள்ள பூந்து குடித்தனம் பண்ற ஈ, தலைக்கு வலை மாட்டாம வாயத் தொறக்க முடியாது.

கட்டா ஜூட்டான்னா அங்க உள்ள பூர்வகுடி ஆனங்கு மக்கள் பாஷைல 'நெறைய தலைங்க'. 36 குன்று வட்ட வட்டமா நிக்கும். அதுக்குள்ள பூந்து போற 'வேலி ஆஃப் த விண்ட்ஸ்' (காத்துப் பள்ளத்தாக்கு) பாதைக்காகத்தான் நான் இம்புட்டு செலவே பண்ணேன், 7.4 கிலோமீட்டர், முழுசா சுத்த நாலு மணி நேரம் வேணும். ஆனா அன்னிக்கி 36 டிகிரியோ அதுக்கு மேலயோ போகும்னு வானிலைல சொல்லிட்டாங்கன்னா, காலைல 11 மணிக்கு மொத லுக்அவுட்டுக்கு, அதான் நின்னு பாக்கற மேட்டுக்கு, அந்தாண்ட பாதைய மூடிருவாங்க. அன்னிக்கி 39ன்னு சொல்லிருந்தாங்க. கைடு பொண்ணு மொத நாள் ராத்திரியே ரெண்டு தடவ சொல்லிச்சு, 5 மணிக்கு வேன்ல இருக்கணும், 11 மணிக்குள்ள நாம வெளிய வந்துரணும், ஆளுக்கு மணிக்கு ஒரு லிட்டர் தண்ணின்னு. நான் அத அப்படியே தமிழ்ல வாட்ஸ்அப்ல போட்டேன். எல்லாரும் கட்டவிரல் தூக்கிக் காட்டினாங்க. நல்லா காட்டினாங்க.

விடியக்காலைல 5 மணிக்கு வேன்ல இருந்தது நானும் இன்னொரு தங்கச்சியும், அப்புறம் ஒரு வயசான ஜப்பான்கார ஜோடி. அவங்க எங்க கூட்டமே இல்ல, அதே டூருக்குத் தனியா காசு கட்டி வந்தவங்க. அந்த அம்மா தொப்பிய மடியில வச்சி, தண்ணி பாட்டில கால்கிட்ட வரிசையா நிக்க வச்சி, நேரா உக்காந்திருந்தாங்க. 5.20 ஆச்சி, 5.40 ஆச்சி. நான் ஒவ்வொரு ரூம் கதவா தட்டறேன், உள்ளேருந்து கறி மேகி வாசம் வருது! ஒரு அக்கா "பசியாறாம எப்படிப்பா நடக்குறது"ங்கறாங்க. இன்னொருத்தர் சிலிப்பரோட வந்து நிக்கறாரு, திருப்பி அனுப்பினா சாக்ஸ் தேடறாரு. எல்லாத்துக்கும் மேல நம்ம லீடர் அண்ணன். 6.15க்கு ஆடி அசைஞ்சு வந்து கைக்கடிகாரத்தக் காட்டி "இன்னும் அஞ்சே ஆவலயே தம்பி"ங்கறாரு. அண்ணே, அங்க நம்மளவிட ஒண்ணரை மணி நேரம் முன்னால! வந்து மூணு நாளா அந்த வாட்ச மாத்தாம கட்டிக்கிட்டு திரிஞ்சிருக்காரு, இவருதான் லீடரு.

வேன் கெளம்பறப்ப 6.35. அங்கேருந்து ஐம்பது கிலோமீட்டர். போய் சேர்ந்து, டாய்லெட், குரூப் போட்டோ, குரூப் போட்டோல கண்ணு மூடிட்டேன் இன்னொண்ணு எடுன்னு மணி எட்டு. கைடு வாட்சப் பாத்துச்சு, எங்களப் பாத்துச்சு, மொத லுக்அவுட் வரைக்கும்தான் போகலாம், திரும்பிடணும்னு சொல்லிருச்சு. போக வர 2.2 கிலோமீட்டர். புக்கிட் காசிங்ல வாம்அப்புக்கு நடக்கற தூரம்லா இது!

ஒடனே ஆரம்பிச்சாங்க பாருங்க, "மெதுவா போனா என்னா, கேஎல்ல பாக்காத வெயிலா"ன்னு. இங்க வேர்த்தா சட்ட நனையுது, ஒடம்பு சொல்லுது தண்ணி போவுதுன்னு. அங்க காத்து அவ்ளோ காய்ஞ்சது, வேர்வ வர்றதுக்குள்ள ஆவியாயிரும், ஒண்ணும் தெரியாது, சட்டைல வெள்ளையா உப்பு மட்டும் பூத்திருக்கும், அதப் பாக்கறப்ப தல சுத்த ஆரம்பிச்சிருக்கும். இதுல ஒருத்தர் கொண்டு வந்தது ஒரு அரை லிட்டர் பாட்டிலும் ஒரு பிளாஸ்க் மைலோவும். மைலோ!

அந்தக் கொஞ்ச தூரத்துலயும் நான் பாறையத் தொட்டுப் பாத்தேன். கட்டட வேலைல கான்கிரீட் கலவ கொட்டி எறுகினா எப்படி இருக்கும், அதே மாதிரி கூழாங்கல்லு பெரிய கல்லு எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, மேல இரும்புத்துரு செவப்பு. உள்ள அந்தப் பள்ளத்தாக்கு எப்படி இருக்கும்னு இன்னும் எனக்குத் தெரியாது.

மறுநாள் உலுருங்கற அந்தப் பெரிய ஒத்தப் பாறையச் சுத்தி நடக்கறப்பவும் கூத்துதான். ஏன் மேல ஏற விடலன்னு சண்ட, "பத்துமலை 272 படி ஏறறோம், இது என்னா"ன்னு. 2019 அக்டோபர் 26லயே ஏற்றத்த நிரந்தரமா மூடிட்டாங்க, ஆனங்கு மக்களுக்குப் புனிதமான எடம். சில மூலைல படம் எடுக்காதீங்கன்னு போர்டு வச்சிருக்கு, அந்தப் போர்டு பக்கத்துலயே நின்னு செல்ஃபி. நம்ம கோயில் கருவறைல எவனாச்சும் போன நீட்டினா சும்மா விடுவமா?

ஆனா எனக்கு இன்னும் ஆறாதது அந்த ஜப்பான்கார ஜோடி. ஒரு வார்த்த திட்டல. லுக்அவுட்ல அந்த ஐயா ரொம்ப நேரம் அந்தப் பக்கமே பாத்துக்கிட்டு நின்னாரு, பாத எறங்கிப் போற பக்கம். திரும்பறப்ப அந்த அம்மா, ஈ வலை கொண்டு வராத நம்ம மேகி அக்காவுக்கு தன்னோட வலையக் கழட்டிக் குடுத்தாங்க. எனக்கு மூஞ்சிய எங்க வச்சிக்கறதுன்னே தெரியல. நானும்தான் என்னா பண்ணேன், 5.10க்கே எங்கள விட்டுட்டு இவங்களக் கூட்டிட்டுப் போங்கன்னு கைடுகிட்ட சொல்லிருக்கலாம், சொல்லல, நம்ம ஆளுங்கள எப்படி விட்டுட்டுப் போறதுன்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன்.

சரி, நேத்து மேட்டர். போட்டோ பாக்கறதுக்கு பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு வாழையெல சாப்பாட்டுக் கடைல எட்டு மணிக்கு கூடறதுன்னு பேச்சு. 8.50 வரைக்கும் நான் மட்டும் ரெண்டாவது தே தாரேக் டீயோட. 9.20க்கு லீடர் அண்ணன் வந்து உக்காந்து, "அந்த கைடு பொண்ணு கொஞ்சம் கறாரு இல்ல தம்பி, சும்மா அவசரப்படுத்திச்சு"ன்னுட்டு, எலையில்லாத மேசையப் பாத்து கேக்கறாரு:

"என்னா, இன்னும் ஆர்டர் பண்ணலியா?"