'சார், இவனுக்கு ஸ்பீடு மசில் இல்லையாம்'

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பா போன வாரம் கிரவுண்டுக்கு வந்தார். கையில் ஜீன் டெஸ்ட் ரிப்போர்ட். எச்சில் எடுத்து அனுப்பி, காசு கட்டி வாங்கியிருக்கிறார். "சார், இவனுக்கு ஸ்பீடு மசில் இல்லையாம். ஓட்டத்தை விட்டுட்டுப் படிக்கச் சொல்லிடட்டுமா?" பையன் பக்கத்திலேயே தலைகுனிந்து நின்றான். அந்த முகம் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

தசை இழைகளில் வகை உண்டு என்பது நிஜம். மெதுவாகச் சுருங்குபவை நெடுநேரம் சோராமல் உழைக்கும். வேகமாகச் சுருங்குபவை சட்டென்று விசையைக் கொடுத்துவிட்டுக் களைத்துவிடும். நம்மில் பெரும்பாலோருக்குத் தொடையில் இரண்டும் ஏறக்குறைய பாதிப் பாதி. சிறந்த மாரத்தான் ஓட்டக்காரர்களிடம் முதல் வகை அதிகம், 100 மீட்டர்காரர்களிடம் இரண்டாவது வகை அதிகம். ஆனால் யாரிடம் எது எவ்வளவு என்று பார்க்க, தொடையில் ஊசி செலுத்தித் துணுக்குச் சதை எடுக்க வேண்டும். எச்சிலில் அது தெரியாது.

அந்த ரிப்போர்ட் நம்பியிருந்தது ஏசிடிஎன்3 என்ற ஒரே ஒரு ஜீனை. அது உருவாக்கும் புரதம் வேகமாகச் சுருங்கும் இழைகளில் இருப்பது; உலகில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவருக்கு அது தசையில் அறவே கிடையாது. அப்படிப்பட்ட ஸ்பெயின்காரர் ஒருவர் நீளம் தாண்டுதலில் 8 மீட்டரைக் கடந்து ஒலிம்பிக் வரை போயிருக்கிறார்! திறமையைக் கண்டுபிடிக்கிறோம் என்று பிள்ளைகளுக்கு இந்த டெஸ்டை எடுக்கவே கூடாது என்று 2015ல் இத்துறை வல்லுநர்கள் கூட்டாகவே எழுதிவிட்டார்கள்.

ஆனால் உடற்கல்வி ஆசிரியர்களான நாங்கள் விசிலையும் ஸ்டாப்வாட்சையும் வைத்து அதே தவறைத்தான் செய்கிறோம். ஸ்போர்ட்ஸ் டேக்கு ஒரு 100 மீட்டர் ஹீட்ஸ், முதல் மூன்று பேர் டீமில், மற்றவர்கள் வேப்பமரத்தடியில். 13 வயதில் முந்துகிறவன் பெரும்பாலும் முன்னாடியே வளர்ந்துவிட்டவன். ஒரே வகுப்பில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், இன்னொருவனுக்குக் குரலே உடைந்திருக்காது. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே 14 வயதுப் பிரிவில் ஓடுகிறார்கள், இடையில் கிட்டத்தட்ட ஒரு வருஷ வளர்ச்சி.

என்னிடம் ஒரு பெண் மூன்று வருஷம் 100 மீட்டரில் கடைசியாக வந்துகொண்டிருந்தாள். பத்தாம் வகுப்பில், குறுவட்டப் போட்டிக்கு ஆள் குறைகிறது என்று 1500 மீட்டரில் இறக்கினேன். இரண்டாமிடம். அந்த மூன்று வருஷத்தை நான்தான் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டேன். இன்றும் அது உறுத்துகிறது.

அந்த அப்பாவிடம் ரிப்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்து, ஒரு வருஷம் பையனை என்னிடம் விடுங்கள் என்றேன். 600 மீட்டர், உயரம் தாண்டுதல், குண்டு எறிதல் எல்லாவற்றிலும் கால் வைத்துப் பார்க்கட்டும். நேற்றுக் காலை ஆறரைக்கெல்லாம் கிரவுண்டில் எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தான்.