இளைப்பாறுதலும் நுகமும்

இயேசு தரும் இளைப்பாறுதலைப் பற்றி நான் வாசித்த ஒரு கட்டுரையை, விசுவாசித்தவுடன் கவலைகள் யாவும் விலகிவிடும் என்ற தொனியில் அதன் ஆசிரியர் முடித்திருப்பதை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. அவர் காட்டும் மத்தேயு நற்செய்தி 11:28-இல், பாரஞ்சுமக்கிறவர்களுக்கு இளைப்பாறுதல் தருவதாக இயேசு வாக்களிப்பது உண்மைதான். ஆனால் அடுத்த வசனத்திலேயே தம்முடைய நுகத்தை ஏற்றுக்கொள்ளும்படி அவர் சொல்வதைக் கட்டுரை தொடவே இல்லை. (நம் வீட்டுச் சுவர்களில் தொங்கும் நாட்காட்டிகளும் பெரும்பாலும் 28-ஆம் வசனத்தோடு நின்றுவிடுகின்றன.) நுகம் உழுகிற மாட்டின் கழுத்தில் வைக்கப்படுவது, ஆகவே இங்கே பேசப்படுவது வேலை தீர்ந்தபின் கிடைக்கும் ஓய்வு அன்று, சுமையைத் தனியே இழுக்க வேண்டியதில்லை என்று அறிந்தவருக்கு உழவின் நடுவிலேயே வாய்க்கும் ஓய்வு என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

இத்தகைய ஓய்வை அகுஸ்தீன் என்ற கிறிஸ்தவ இறையியலாளரின் வாழ்விலும் காண்கிறேன். கி.பி. 386-இல் மிலான் நகரத் தோட்டமொன்றில் அழுதுகொண்டிருந்த அவர், வேதாகமத்திலுள்ள பவுலின் ரோமர் நிருபத்தில் ஒரு பகுதியை வாசித்து மன அமைதி பெற்றார். பின்னர் வட ஆப்பிரிக்காவிலிருந்த ஹிப்போ நகரின் ஆயராகி, 430-இல் இறக்கும்வரை வழக்குகளுக்கும் விவாதங்களுக்கும் நடுவில்தான் அவர் வாழ்ந்தார்.

என் தாயார் வாரம் இருமுறை டயாலிசிஸுக்குச் சென்ற நாட்களில், ஒரு கையில் ஊசியிருக்க, மறு கையால் தம் பழைய வேதாகமத்தைப் பிடித்திருப்பார். மத்தேயு பதினொன்றாம் அதிகாரப் பக்கத்தின் ஓரம் விரல்பட்டுக் கறுத்திருந்தது. நோய் குறையவில்லை. ஆனால், அதுவரை இரவெல்லாம் விழித்துக் கிடந்தவர், இரத்தம் குழாயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அயர்ந்து உறங்கத் தொடங்கினார்.