கல்லைக் கொட்டினால் போதுமா?

கடல்மட்டம் உயர்வதால் கரையோரப் பழஞ்சின்னங்களுக்கு வரும் ஆபத்தைப் பற்றிய உங்கள் கட்டுரை மாமல்லபுரம், பூம்புகார் என்று நிறையப் பேசுகிறது, சரி. வடசென்னைக்கு ஒரு வரிகூட இல்லையே! கடல்மட்டம் உயர்வதை மட்டும் சொன்னால் எங்கள் ஊர்க் கதை பாதிதான். 1870களில் துறைமுகச் சுவர் கட்டத் தொடங்கிய பிறகு, தெற்கிலிருந்து வரும் மணல் அங்கேயே தேங்கி மெரினா அகலமானது. வடக்கே மணல் போகாததால் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கரை அரித்துக்கொண்டே போனது. இப்போது புயலும் உயரும் கடலும் அதே காயத்தில்தான் விழுகின்றன. ஓரிடத்தில் கருங்கல் கொட்டினால் அரிப்பு அடுத்த குப்பத்துக்கு நகரும், அவ்வளவுதான்.

கொஞ்சம் வடக்கே பழவேற்காடு. 1613இல் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை இன்று வெறும் மேடும் புதரும். எலும்புக்கூடு செதுக்கிய வாசலோடு அவர்களுடைய கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது. வேலி போட்டால் ஆள் நுழைய மாட்டான், உப்புக்காற்று நுழையாதா?

அப்புறம், கடலுக்கடியில் பழஞ்சின்னங்களைத் தேடுகிறவர்கள் முதலில் காசிமேட்டுக்கு வரட்டும். எந்த இடத்தில் மடி (இழுவலை) மாட்டிக் கிழியும் என்று விசைப்படகுக்காரர்கள் ஜிபிஎஸ்ஸில் குறித்து வைத்திருப்பார்கள். பெரும்பாலும் அது பாறையாக இருக்கும், சில சமயம் உடைந்த கப்பலாகவும் இருக்கலாம். மாமல்லபுரம் பக்கத்துச் சாளுவன்குப்பம் முருகன் கோயில் வெளிப்பட்டதே 2004 சுனாமி மணலை அள்ளிப்போன பிறகுதான். அடுத்த அலைக்குக் காத்திருக்காமல் அந்தக் குறிப்புகளை வாங்கி ஒரு வரைபடம் போடலாமே? டீசல் காசு மட்டும் கொடுத்துவிடுங்கள்.