கணிதம் இல்லாத வணிகவியல் பிரிவும் சி.ஏ. படிப்பும்

ஓர் அண்ணன் தன் பதிவில், பதினொன்றாம் வகுப்பில் கணிதம் இல்லாத வணிகவியல் பிரிவில் சேர்ந்தால் சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) படிக்க முடியாது என்று எழுதியிருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு மார்த்தாண்டம், தக்கலை பக்கத்துப் பெற்றோர் சிலர் பிரிவை மாற்றலாமா என்று கேட்டிருப்பதால் இதை எழுதுகிறேன்.

அப்படி ஒரு விதி இல்லை. பிளஸ் டூவில் எந்தப் பிரிவில் தேர்ச்சி பெற்றவரும் சி.ஏ. படிப்பின் முதல் நிலையான ஃபவுண்டேஷன் தேர்வு எழுதலாம். பத்தாம் வகுப்பு முடித்ததும் பதிவு செய்துகொள்ளவும் வழி உண்டு. தேர்வு மட்டும் பிளஸ் டூவுக்குப் பிறகுதான்.

அண்ணன் சொன்னதற்கு ஒரு காரணம் இருக்கலாம். ஃபவுண்டேஷனின் நான்கு தாள்களில் மூன்றாவது தாளில் வணிகக் கணிதம், தர்க்கத் திறன், புள்ளியியல் ஆகியவை வருகின்றன. ஒவ்வொரு தாளிலும் குறைந்தது 40 மதிப்பெண், மொத்தம் 400க்கு 200 வேண்டும். ஆகவே கணிதம் படித்த பிள்ளைக்கு அந்தத் தாள் எளிது. படிக்காதவர் கூடுதலாக உழைக்க வேண்டும். கடினம் என்பது வேறு, தகுதி இல்லை என்பது வேறு.

என் பேச்சையும் அப்படியே நம்ப வேண்டாம். இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் இணையதளத்தில் ஃபவுண்டேஷன் சேர்க்கைத் தகுதியைப் பாருங்கள். கணிதம் கட்டாயம் என்ற வரி இருக்காது. பாடப் புத்தகங்களும் அங்கேயே இலவசம். மூன்றாவது தாளின் முதல் இரண்டு பாடங்களைப் பதிவிறக்கிப் பிள்ளையின் கையில் கொடுத்துப் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.