தக்காளிக்குத் தலைக்குளியல்

முருகேசன்: அக்கா, தினமும் சாயங்காலம் என் தக்காளிக்குத் தலைக்கு ஊத்திக் குளிப்பாட்டுறேன். அப்படியும் இலையெல்லாம் கருகுது!

வசந்தா: அப்படியும் இல்லப்பா, அதனாலதான். ராத்திரி முழுக்க இலையில ஈரம் நின்னா பூஞ்சைக்குக் கொண்டாட்டம். காலையில ஊத்து, தூர்ல மட்டும் ஊத்து. எங்க, அந்த இலையைக் காட்டு.

முருகேசன்: இந்தாங்க. அம்பு விடுற பலகை மாதிரி வளையம் வளையமா இருக்கு.

வசந்தா: சுத்தி மஞ்சள் வேற. அடியிலையில ஆரம்பிச்சு மேல ஏறுதுல்ல? இது முன்கருகல் நோய். செடி பிழைச்சுக்கும். பின்கருகல்னா வெந்நீர் பட்ட மாதிரி கரும்பச்சைத் திட்டு, இலைக்கு அடியில வெள்ளைப் பூசணம். குளிரும் ஈரமும் சேர்ந்தா சில நாள்லயே செடி காலி. அதுக்கு வைத்தியம் பார்க்காதே, பிடுங்கிப் பையில கட்டிடு.

முருகேசன்: கீழேருந்து எப்படி ஏறுது? காலா இருக்கு?

வசந்தா: நீ ஊத்துற தண்ணிதான் கால். மண்ணுல பட்டுத் தெறிச்சு இலையில ஏறுது. தரையிலிருந்து ஒரு அடிக்கு இலையே வேண்டாம். செடி காஞ்சிருக்கப்போ வெட்டு. ஒவ்வொரு செடிக்கும் கத்தரியை ஸ்பிரிட்ல துடை. மண்ணு மேல 3 அங்குலத்துக்கு வைக்கோல் மூடாக்கு, தண்டை ஒட்டாம.

முருகேசன்: மூடாக்குப் போட்டாச்சே! உதிர்ந்த தக்காளி இலையை வீணாக்குவானேன்னு...

வசந்தா: திருடனுக்குத் திண்ணையிலயே பாய் விரிச்சிருக்கே. முதல்ல அள்ளு! உரக்குழியில போட்டுடாதே.

முருகேசன்: சூடோமோனாஸையும் போர்டோ கலவையையும் ஒண்ணாக் கலந்து அடிச்சா?

வசந்தா: சூடோமோனாஸ் உயிருள்ள பாக்டீரியா. போர்டோ பூஞ்சையைக் கொல்ற செம்பு மருந்து, அதையும் கொன்னுடும். காவலுக்கு ஆள் வச்சு, அவனுக்கே விஷம் வைப்பியா? இப்போதைக்குப் போர்டோ போதும். மயில்துத்தம், அதான் காப்பர் சல்பேட், 10 கிராம் அரை லிட்டர் தண்ணியில, நீற்றிய சுண்ணாம்பு 10 கிராம் இன்னொரு அரை லிட்டர்ல. பிளாஸ்டிக் வாளிதான். துத்தத் தண்ணியைச் சுண்ணாம்புத் தண்ணியில கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக் கலக்கு. அன்னைக்கே, இலையடியும் நனையுற மாதிரி அடி. மழை கழுவிட்டா மறுபடியும்.

முருகேசன்: கருகினது பச்சையாயிடுமா?

வசந்தா: ஆகாது. நல்ல இலைக்குத்தான் கவசம்.

முருகேசன்: கலவை சரியான்னு எப்படிப் பார்க்கிறது?

வசந்தா: இரும்புக் கத்தியைத் தேய்ச்சு, கொஞ்ச நேரம் முக்கு. செம்பு நிறம் படிஞ்சா சுண்ணாம்பு பத்தலைன்னு அர்த்தம். அப்படியே அடிச்சா இலை வெந்துடும்.

(அரை மணி நேரம் கழித்து)

முருகேசன்: அக்கா, கத்தி செவந்துடுச்சு!

வசந்தா: இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேரு. ஆமா, அது யாரு கத்தி?

முருகேசன்: அடுப்படியில இருந்துச்சு. இப்போ கத்திக்குச் சொந்தக்காரியும் செவந்துட்டா. அங்க எத்தனை கிராம் போடணும்?