வாழ்நாள் கற்றல்: 2.3

சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணி. முதலாமாண்டு ஆங்கிலத் தாளுக்கு அட்டெயின்மென்ட் ஷீட் (பிள்ளைகள் எந்த இலக்கை எவ்வளவு எட்டினார்கள் என்று எண்ணில் காட்டும் படிவம்) போட்டுக்கொண்டிருந்தேன். கடைசிக் கட்டம் பி.ஓ.12, அதாவது 'வாழ்நாள் முழுதும் கற்கும் திறன்'. எக்செல் 2.3 என்று காட்டியது. என் வகுப்பில் இருக்கும் அறுபத்து மூன்று பிள்ளைகளும் சாகிற வரைக்கும் கற்றுக்கொண்டே இருப்பார்களா என்ற கேள்விக்கு, அவர்களுடைய பதினெட்டாவது வயதிலேயே, மூன்றுக்கு 2.3 என்று பதில் சொல்லியாகிவிட்டது. பக்கத்து சீட் சார் எட்டிப் பார்த்தார். "டார்கெட் 2.4 மேடம், கொஞ்சம் பார்த்துப் போடுங்க."

பார்த்துப் போட்டேன். பொய் சொல்வானேன்.

பொறியியல் கல்லூரி பக்கம் வராதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். பொறியியல் படிப்புகளின் தரத்தை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் 2014-இல் இந்தியா முழு உறுப்பினரானது. அதிலிருந்து, என்ன பாடம் நடத்தினோம் என்று சொன்னால் மட்டும் போதாது. மாணவர் என்ன கற்றார் என்று காட்ட வேண்டும். பொறியியல் படிப்புகளுக்குத் தரச்சான்று தரும் என்.பி.ஏ.வின் அங்கீகாரத்துக்காக நான் அன்று நிரப்பிய ஷீட்டில் இப்படிப் பன்னிரண்டு இலக்குகள், அதாவது பி.ஓ.க்கள், இருந்தன. அறம், குழுவாக வேலை செய்வது, தெளிவாக எழுதுவது, பேசுவது எல்லாம் அதில் வரும். இலக்குகளில் ஒரு குறையும் இல்லை. அளக்கிற விதம்தான் கூத்து. கேள்வித்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சி.ஓ. நம்பர் (அந்தப் பாடத்தின் எந்த இலக்கைச் சோதிக்கிறது என்ற நம்பர்) போடுகிறோம். அந்த சி.ஓ. எந்த பி.ஓ.வோடு எவ்வளவு ஒட்டுகிறது என்று நாமே 3, 2, 1 போடுகிறோம். பிறகு மார்க்கை உள்ளே தள்ளினால் வெளியே அறம் 2.1, குழுப்பணி 2.6 என்று வந்து விழுகிறது. பிள்ளை ஏற்கெனவே வாங்கிய மார்க்கைத்தான் வேறு தட்டில் வைத்துப் பரிமாறுகிறோம். புதிதாக யாரும் அந்தப் பிள்ளையைப் பார்க்கவில்லை.

பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டின் பிரசாந்த் லோயல்காவும் கூட்டாளிகளும் சீனா, இந்தியா, ரஷ்யா, அமெரிக்கா ஆகிய நான்கு நாடுகளில் கம்ப்யூட்டர் சயின்ஸ், எலெக்ட்ரிக்கல் படிக்கும் பல்லாயிரம் மாணவர்களுக்குத் தேர்வு வைத்து, முடிவை 2021-இல் 'நேச்சர் ஹியூமன் பிஹேவியர்' ஆய்விதழில் வெளியிட்டார்கள். நம் பிள்ளைகள் முதல் இரண்டு வருடத்தில் கணக்கிலும் இயற்பியலிலும் முன்னேறுகிறார்கள். ஆனால் ஆராய்ந்து சிந்திக்கும் திறனில் நான்கு வருடம் படித்தும் ஏற்றம் இல்லை. சீனாவிலும் ரஷ்யாவிலும் இதே கதை என்பது ஆறுதலாக இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் வாட்ஸப் குழுவில் இந்தச் செய்தி வந்தபோது "சாம்பிள் சரியில்லை", "வெளிநாட்டுச் சதி" என்று வரிசையாகப் பதில் வந்தது. நான் ஒன்றும் போடவில்லை. பேப்பர் திருத்துகிறவள் நான். எனக்கு அது செய்தியே இல்லை.

அப்படியானால் இந்த மாதிரி ஒரு பொதுத் தேர்வை எல்லாக் கல்லூரியிலும் வைத்துவிட்டால் என்ன? சில வருடங்களுக்கு முன் நானும் அப்படித்தான் நினைத்தேன். அமெரிக்காவில் இதற்கு ஒரு நீண்ட கதை இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் கொஞ்சம் அடங்கினேன்.

அங்கே எந்தப் பட்டம் படித்தாலும் எழுத்து, கணக்கு, அறிவியல், வரலாறு என்று ஒரு பொதுப்பகுதியை முடித்தாக வேண்டும். ஜெனரல் எஜுகேஷன் என்பார்கள். நம் கலைக் கல்லூரிகளின் பார்ட் ஒன், பார்ட் டூ, பார்ட் ஃபோர் எல்லாம் சேர்ந்த மாதிரி. எங்கள் பக்கம் என்றால் கம்யூனிகேஷன் தாளும் 'தமிழர் மரபு'ம். இவ்வளவு கட்டணம் வாங்குகிறீர்களே, பிள்ளைகள் இதில் என்னதான் கற்கிறார்கள், காட்டுங்கள் என்று 2006-இல் கல்வித்துறைச் செயலர் மார்கரெட் ஸ்பெல்லிங்ஸ் அமைத்த குழு கேட்டது. அடுத்த வருடமே அரசுப் பல்கலைக்கழகங்களின் சங்கங்கள் தாமாக முன்வந்து ஓர் ஏற்பாட்டைச் செய்தன: மூன்று தேர்வுகளில் ஏதாவது ஒன்றை வைத்து முடிவை வெளியிடலாம். அதில் இரண்டு பெரும்பாலும் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ரகம். மூன்றாவதுதான் என்னை இழுத்தது. சி.எல்.ஏ. (காலேஜியேட் லேர்னிங் அசெஸ்மென்ட்) என்று பெயர்.

அதன் மாதிரி வினா ஒன்று ரொம்பப் பிரபலம். நீங்கள் ஒரு கம்பெனித் தலைவரின் உதவியாளர். விற்பனைப் பிரிவில் இருக்கும் ஒருவர் சொன்னதன் பேரில் தலைவர் ஒரு சிறிய விமானம் வாங்கப் போகிறார். கையெழுத்துப் போடும் நேரத்தில் அதே ரக விமானம் ஒன்று விபத்துக்குள்ளாகிறது. உங்கள் கையில் ஒரு கட்டுக் காகிதம்: பத்திரிகைச் செய்தி, அரசின் விபத்து அறிக்கை, மின்னஞ்சல்கள், ஒரு வரைபடம், ஒரு கட்டுரை. அந்த விமானத்தின் இறக்கை அமைப்புதான் காரணம் என்று சொல்ல இவற்றில் ஆதாரம் இருக்கிறதா? வாங்கலாமா, கூடாதா? தொண்ணூறு நிமிடத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். மனப்பாடம் செய்ய ஒன்றும் கிடையாது. எந்தக் காகிதத்தை நம்புவது, எதை ஓரமாக வைப்பது என்பதுதான் தேர்வே.

இந்தத் தேர்வை வைத்து ரிச்சர்ட் ஆரம், ஜோசிபா ரோக்ஸா என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 2011-இல் ஒரு குண்டு போட்டார்கள். 24 கல்லூரிகள், 2,322 மாணவர்கள். 2005-இல் சேரும்போது ஒரு தடவை, 2007-இல் இரண்டாம் ஆண்டு முடிவில் இன்னொரு தடவை. 45 சதவீதம் பேரிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. அமெரிக்கப் பத்திரிகைகள் அந்த 45-ஐப் பிடித்துக்கொண்டு பல மாதம் ஆடின.

ஆனால் அந்த 45-ஐ அப்படியே விழுங்க முடியாது. உயர்கல்வி ஆய்வில் பழுத்தவரான அலெக்சாண்டர் ஆஸ்டின் உடனே மறுப்பு எழுதினார். ஒரு மாணவரை இரண்டே தடவை சோதித்தால் பிழைக்கான இடைவெளி ரொம்பப் பெரிது. ஐம்பது கிராம் முன்னே பின்னே ஆடும் தராசில் முப்பது கிராம் கூடியிருந்தால் தெரியாது. தெரியவில்லை என்பதற்காகக் கூடவே இல்லை என்று சொல்லிவிட முடியுமா? இது போக, பல கல்லூரிகள் ஒரே பிள்ளையை நான்கு வருடம் பின்தொடர்வதில்லை. ஒரே வருடத்தில் முதலாண்டுக்காரர்களையும் கடைசியாண்டுக்காரர்களையும் சோதித்துக் கழித்துப் பார்க்கிறார்கள். நடுவில் படிப்பை விட்டுப் போனவர்கள் அந்தக் கணக்கில் எங்கே?

இதையெல்லாம்விடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. பிள்ளை எதற்காக அதை ஒழுங்காக எழுத வேண்டும்? மார்க் கிடையாது, பாஸ் பெயில் கிடையாது. அமெரிக்கக் கல்லூரிகள் பீட்சா, கிஃப்ட் கார்டு எல்லாம் கொடுத்து ஆள் பிடித்தன. 2012-இல் தேர்வுகள் தயாரிக்கும் அமெரிக்க நிறுவனமான இ.டி.எஸ்.ஸின் ஆய்வாளர்கள் மூன்று கல்லூரிகளில் இதையே சோதித்தார்கள். ஒரே தேர்வு, முன்னால் சொல்லும் வாசகம் மட்டும் வேறு. ஒரு குழுவிடம் "இது ஆராய்ச்சிக்கு மட்டும்" என்றார்கள். இன்னொரு குழுவிடம் "உங்கள் மதிப்பெண் உங்கள் ஆசிரியருக்கோ வேலை தருபவருக்கோ போகலாம்" என்றார்கள். இரண்டாவது குழு தெளிவாகக் கூடுதலாக வாங்கியது. கல்லூரியில் பிள்ளைகள் முன்னேறினார்களா இல்லையா என்ற முடிவே அந்த ஒரு வாசகத்தைப் பொறுத்து மாறியது!

இதை நான் ஆய்விதழில் படிப்பதற்கு முன்பே வகுப்பில் கேட்டிருக்கிறேன். "மேம், இது இன்டர்னலுக்கு வருமா?"

ஆமாம், நானும் ஒரு தடவை செய்து பார்த்தேன். சி.எல்.ஏ. மாதிரியில் நம் ஊருக்கு ஒரு கட்டு தயார் செய்தேன். விடுதியில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. நிர்வாகம் புது ஆர்.ஓ. மெஷின் வாங்கலாமா என்று யோசிக்கிறது. ஐந்து காகிதங்கள்: டீலரின் நோட்டீஸ், விடுதி மாணவர்களின் மனு, பழைய மெஷினின் சர்வீஸ் பில், "300-க்கு மேல் டி.டி.எஸ். இருந்தால் விஷம்" என்று ஒரு வாட்ஸப் ஃபார்வர்டு (டி.டி.எஸ். என்றால் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு), ஆய்வகத்தின் தண்ணீர் பரிசோதனை அறிக்கை. விஷயம் அறிக்கையில்தான் ஒளிந்திருக்கிறது. போர் தண்ணீரில் டி.டி.எஸ். 410. இந்தியத் தர நிர்ணயம் குடிநீருக்கு 500 வரை ஏற்கிறது. போரில் எடுத்த சாம்பிளில் கோலிஃபார்ம் கிருமி இல்லை. மேல்நிலைத் தொட்டியில் எடுத்த சாம்பிளில் இருக்கிறது.

ஐம்பத்தேழு பேர் எழுதினார்கள். பாதிக்கு மேல் டீலரின் நோட்டீஸை அப்படியே திருப்பி எழுதியிருந்தார்கள், அவர் போட்ட ஆச்சரியக்குறி உட்பட. பதினோரு பேர் தண்ணீரின் அருமை பெருமையில் தொடங்கி அங்கேயே முடித்துவிட்டார்கள். கடைசி பெஞ்சிலிருந்து அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம் படித்து வந்த ஒரு பெண் எழுந்து, "மேம், தமிழ்ல எழுதலாமா?" என்றாள். நடத்துவது ஆங்கிலத் தாள். ஒரு நிமிடம் முழித்தேன். பிறகு எழுது என்றேன். ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். "போர் தண்ணி நல்லாத்தான் இருக்கு. தொட்டிக்கு வந்த பிறகுதான் கெட்டுப்போகுது. அப்புறம் மெஷின் எதுக்கு? தொட்டியைக் கழுவி எத்தனை நாள் ஆச்சுன்னு இந்த அஞ்சு பேப்பர்லயும் யாரும் கேக்கலை." இந்தப் பெண் என் இன்டர்னலில் ஐம்பதைத் தாண்டியதில்லை.

அடுத்த செமஸ்டரில் இன்னொரு செக்ஷனுக்கு அதே கட்டைக் கொடுத்தேன், இந்த முறை பத்து மார்க் உண்டு என்று சொல்லி. ஒருவர் விடாமல் வந்தார்கள். கூடுதல் தாள் கேட்டு வாங்கி எழுதினார்கள். முதல் பதினைந்து பேப்பரிலும் சரியான விடை. எனக்குக் கண் கலங்காத குறை. பதினாறாவது பேப்பரில் 'கிளீன் தி டேங்க்' என்று தலைப்பே போட்டிருந்ததைப் பார்த்ததும்தான் உறைத்தது. சீனியர்கள் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "ஆர்.ஓ. கொஸ்டின் வந்தா டேங்க்தான் ஆன்சர்."

மார்க் இல்லையென்றால் எழுத மாட்டார்கள். மார்க் உண்டு என்றால் கோச்சிங் வந்துவிடும். டி.சி.எஸ். கம்பெனி வேலைக்கு ஆள் எடுக்க வைக்கும் என்.க்யூ.டி. தேர்வுக்கு நம் கல்லூரிகள் ஐந்தாவது செமஸ்டரிலிருந்து ஆப்டிட்யூட் வகுப்பு நடத்துகிற அழகைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பொதுத் திறன் தேர்வு கல்லூரி ரேங்க்கோடு சேர்ந்துவிட்டால் 'திறனாய்வுச் சிந்தனை: முக்கிய வினா விடைகள்' என்று ஒரு கைடு ஆறே மாதத்தில் கடைக்கு வரும். பஸ் ஸ்டாண்டிலேயே கிடைக்கும்.

அதனால் தேர்வே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அந்த இரண்டு சமூகவியலாளர்களின் தரவில் எல்லாரும் தாண்டிப் போன ஓர் இடம் இருக்கிறது. வாரத்துக்கு நாற்பது பக்கத்துக்கு மேல் படிக்கவும், செமஸ்டருக்கு இருபது பக்கத்துக்கு மேல் எழுதவும் வைத்த பாடங்களை எடுத்தவர்கள் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். நம் பிள்ளைகள் எழுதாதவர்களா? செமஸ்டருக்கு நாலு ரெக்கார்ட் நோட்டு, ஐந்து சப்ஜெக்ட்டுக்கு அசைன்மென்ட், கை வீங்க எழுதுகிறார்கள். போன வருட சீனியரின் ரெக்கார்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் எழுதுகிற பிள்ளையைத் தினமும் பார்க்கிறேன். அதில் ஒரு வரிகூட அந்தப் பிள்ளையினுடையது இல்லை. சிவப்பு மை டிக் போடுகிற நாங்களும் படிப்பதில்லை. இதை மாற்றாமல் எந்த ஊர்த் தேர்வைக் கொண்டுவந்து வைத்தாலும் அதே எண்தான் வரும்.

அந்த ஐம்பத்தேழு பேப்பரில் இருபதை நானும் மெக்கானிக்கல் சார் ஒருவரும் கணக்கு மேடம் ஒருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து தனித்தனியாகத் திருத்தினோம். தமிழில் எழுதிய பேப்பருக்கு மெக்கானிக்கல் சார் பத்துக்கு ஒன்பது போட்டார். கணக்கு மேடம் நாலு. "இங்கிலீஷ் பேப்பர்ல தமிழ்ல எழுதினா எப்படிங்க?" சண்டை நாற்பது நிமிடம் போனது, டீ ஆறிப்போனது. மொழியை அளக்கிறோமா, யோசனையை அளக்கிறோமா? இரண்டும் என்றால் எதற்கு எவ்வளவு? பதினான்கு வருட வேலையில் ஒரு மாணவரிடம் என்ன எதிர்பார்க்கிறோம் என்று சக ஆசிரியர்களோடு நான் உட்கார்ந்து பேசியது அன்றுதான் முதல் தடவை. அட்டெயின்மென்ட் ஷீட் ஒரு நாளும் அந்தச் சண்டையை எங்களுக்குத் தந்ததில்லை.

அமெரிக்காவிலும் ஒரு சாரார் இந்தப் பக்கம்தான் வந்தார்கள். கல்லூரிகளின் கூட்டமைப்பான ஏ.ஏ.சி. அண்ட் யூ., வெளித் தேர்வுக்குப் பதிலாக, வகுப்பில் பிள்ளைகள் எழுதியதையே எடுத்துப் பல ஆசிரியர்கள் பொது அளவுகோலில் மதிப்பிடும் முறையை 2009-இல் கொண்டுவந்தது. உங்கள் பிள்ளைக்கு நீங்களே மார்க் போட்டால் எப்படி நம்புவது என்பீர்கள். நியாயம்தான். பெயரை மறைத்துப் பக்கத்து ஊர்க் கல்லூரிக்கு அனுப்புங்கள், அவர்களுடையது எங்களுக்கு வரட்டும். நாடு முழுதும் ஒப்பிட வேண்டுமா? ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை, சாம்பிள் எடுத்து, தமிழிலும் எழுதலாம் என்று வைத்து, கல்லூரிப் பெயர் வெளியே வராமல் லோயல்கா குழு மாதிரி ஒரு தேர்வு நடத்தட்டும். முதல் ஆளாக நான் கையெழுத்துப் போடுகிறேன். பெயரும் ரேங்க்கும் போடுவதென்றால் என்னை விட்டுவிடுங்கள், எனக்கு டேங்க் ஆன்சர் போதும்.

வருகிற செமஸ்டருக்குப் புதிதாக ஒரு கட்டு தயார் செய்கிறேன். தண்ணீர் இல்லை, வேறு விஷயம். என்ன என்று இங்கே சொல்ல மாட்டேன், என் மாணவர்கள் சிலர் இதைப் படிக்கிறார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை இரண்டு மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்து திருத்தத் துறையில் மூன்று பேரைக் கேட்டேன். இரண்டு பேர் சரி என்றார்கள், அதில் ஒருவர் கணக்கு மேடம். எச்.ஓ.டி.யிடமும் அனுமதி கேட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்ல விஷயம்தான் மேடம், பண்ணுங்க. ஜியோ டேக் போட்டோ மட்டும் மறக்காம எடுத்துடுங்க" என்றார்.