பந்தியில் என் கையில் வைக்கப்படுவது என்ன?

போன மாதம் மகள் ஞாயிறு பள்ளியிலிருந்து வந்ததும் பத்துக் கட்டளைகளைப் பற்றிக் கேட்டாள்: "அம்மா, இரண்டாம் கற்பனை விக்கிரகம் செய்யக்கூடாதுன்னு சொல்றாங்க. நீங்க வேற சொல்லிக்கொடுத்தீங்களே?"

நான் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையில் வளர்ந்தவள். லுத்தரின் ஞானோபதேசத்தில், அதாவது அவர் எழுதிய கேள்வி-பதில் போதனை நூலில், இரண்டாம் கற்பனை (கட்டளை), கர்த்தருடைய நாமத்தை வீணிலே வழங்காதே என்பது. விக்கிரகம் முதல் கற்பனையிலேயே அடங்கிவிடும். பிறர் பொருளை இச்சிப்பது ஒன்பது, பத்து என்று இரண்டாகும். இப்போது நாங்கள் இருப்பதோ மிச்சிகனில், கிராண்ட் ராப்பிட்ஸில். டச்சுக்காரர்கள் வேரூன்றிய ஊர், திரும்பிய பக்கமெல்லாம் கால்வின் வழிவந்த ரிஃபார்ம்ட் சபைகள். அவர்கள் எண்ணிக்கையில் இரண்டாவது விக்கிரகம்தான். வந்த புதிதில் அதில் ஒன்றுக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம்.

"எல்லாம் புராட்டஸ்டண்ட்தானே, எங்கே போனால் என்ன?" என்கிறார்கள் நண்பர்கள். என்னால் அதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. 1529இல் ஜெர்மனியின் மார்பர்க்கில் லுத்தரும் சுவிஸ் சீர்திருத்தவாதி சுவிங்லியும் சந்தித்தபோது பதினைந்து விஷயங்களில் பதினான்கில் ஒத்துப்போனார்கள். உடைந்தது திருவிருந்தில், அப்பமும் திராட்சரசமும் பெறும் பந்தியில். "இது என்னுடைய சரீரம்" என்ற வசனத்தைச் சாக்கட்டியால் மேஜைமேல் எழுதிவைத்துவிட்டு, அதிலிருந்து லுத்தர் நகரவே இல்லை. பின்னால் வந்த கால்வின், சுவிங்லியைப்போல வெறும் நினைவுகூருதல் என்று சொல்லவில்லை; பரிசுத்த ஆவியால் பரலோகத்திலிருக்கும் கிறிஸ்துவை நிஜமாகவே பெறுகிறோம், ஆனால் விசுவாசத்தால் என்றார். அவர் போதனையில், விசுவாசமில்லாதவன் வாயில் அப்பமும் திராட்சரசமும் மட்டும்தான். லுத்தரன் போதனையில் அவனும் சரீரத்தையே பெறுகிறான், ஆக்கினைக்கு ஏதுவாக.

இது வெறும் வார்த்தைச் சண்டை என்று நானும் ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. அம்மா இறந்த பிறகு எட்டு மாதம் என்னால் ஜெபிக்கவே முடியவில்லை. ரிஃபார்ம்ட் சபையார் வாரக்கணக்கில் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்த அன்பை மறக்கமாட்டேன். பலவீனமான விசுவாசமும் விசுவாசம்தான் என்று போதகர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். ஆனால் எனக்கு விசுவாசம் இருக்கிறதா என்பதுதானே என் சந்தேகமே! ஒருநாள் லுத்தரன் சபைக்குப் போனேன். உள்ளங்கையில் அப்பத்தை வைத்து, "உனக்காகக் கொடுக்கப்பட்ட கிறிஸ்துவின் சரீரம்" என்றார் போதகர். என் மனசைத் துருவிப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. கையில் இருந்தது. அழுதுவிட்டேன்.

இன்னொன்று, 1618-19இல் நெதர்லாந்தில் ரிஃபார்ம்ட் சபையார் கூடிய டோர்ட் சங்கம். கிறிஸ்துவின் மரணம், தேவன் மீட்புக்கென்று தெரிந்தெடுத்தவர்களை மீட்கவே குறிக்கப்பட்டது என்பது அதன் போதனை. எனக்கு அது தொண்டையில் இறங்காது. எல்லாருக்காகவும் மரித்தார் என்றே கேட்டு வளர்ந்தேன். அதே சங்கம் சொன்ன, தேவன் தம்முடையவர்களைக் கைவிடமாட்டார் என்ற உறுதிதான் என் தோழியின் பெரிய ஆறுதல், அதுவும் தெரியும். ரிஃபார்ம்ட் சபைகளின் 1563இன் ஹைடல்பர்க் ஞானோபதேசத்தின் முதல் கேள்வியை, வாழ்விலும் சாவிலும் உன் ஒரே ஆறுதல் என்ன என்பதை, நானும் அடிக்கடி எடுத்து வாசிக்கிறேன்.

சரி, இப்போது லுத்தரன் சபையில் பெயர் கொடுத்துவிட்டோம். மகளுக்குக் கற்பனைகளின் இரண்டு எண்ணிக்கையும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தோழி வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒப்புவிக்கும்போது அவள் திணறக்கூடாது.